சூடேறியதும் நின்றுபோகும் வண்டி: பழைய பந்தய மோட்டார் சைக்கிள்களின் மேக்னெட்டோ கோளாறுகளைக் கண்டறியும் முறை

பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார், மான்க்ஸ் நார்ட்டன், ஏ.ஜே.எஸ். 7ஆர், வெலோசெட் கே.டி.டி. போன்ற ஒற்றைச் சிலிண்டர் பிரிட்டிஷ் வண்டிகள் பந்தயத்துக்குப் புறப்படும்போது பேட்டரியைச் சுமப்பதில்லை. பிளக்கில் தீப்பொறி உண்டாகத் தேவையான மின்சாரம் முழுவதையும் மேக்னெட்டோ தானே உண்டாக்கிக்கொள்கிறது. இன்று அந்த வண்டிகளை ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு எழுபது ஆண்டு வயதுடைய செப்புச் சுருளும் அரக்கும் காகிதக் கன்டென்சரும் (மின்தேக்கியும்) சேர்ந்தே கைக்கு வருகின்றன. எங்கள் கொட்டகைக்கு வரும் பழைய வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் இந்த ஒரு பெட்டியைச் சுற்றியே இருக்கிறது. ஆனால் மேக்னெட்டோவைக் குற்றம் சாட்டி வருகிறவர்களில் பலருடைய வண்டியில் மேக்னெட்டோ நன்றாகவே இருக்கிறது. ஆகவே இந்தக் குறிப்பு அறிகுறியிலிருந்து தொடங்கி, செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிகுந்த காரணத்தைக் கடைசியிலும் வைத்துச் செல்கிறது.

இங்கே சொல்லப்படுவது சுழலும் ஆர்மேச்சர், அதாவது செப்புச் சுருள் சுற்றிய உருளை, கொண்ட மேக்னெட்டோவுக்கானது. லூகாஸ், பி.டி.ஹெச். ஆகியோர் செய்தவற்றுள் பெரும்பாலானவை இந்த வகையே. காந்தமே சுழலும் பிற்காலப் பந்தய மேக்னெட்டோக்களுக்கும் வெளிப்புறச் சோதனைகள் பொருந்தும். உட்புற வேலைகள் பொருந்தா.

## எதையும் தொடுவதற்கு முன்

மேக்னெட்டோவிலிருந்து பிளக்குக்கு உயர் மின்னழுத்தத்தைக் கொண்டுசெல்லும் ஹைடென்ஷன் வயரைக் காற்றில் தொங்கவிட்டபடி இயந்திரத்தைச் சுழற்றக் கூடாது. பிளக்கைக் கழற்றினால் வயரோடு சேர்த்து சிலிண்டர் ஹெட்டின் மேல் உலோகம் படும்படி கிடத்த வேண்டும். வெளியேற வழியில்லாத உயர் மின்னழுத்தம் சுருளுக்குள்ளேயே பாதையைத் தேடும்; பழைய அரக்குக் காப்பு அதற்கு இடம் கொடுத்துவிட்டால் அது வரைக்கும் நன்றாக இருந்த ஆர்மேச்சர் அன்றோடு முடிந்தது. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால், பொறி பார்க்கும் இடம் அந்தத் துளையிலிருந்து எட்டியிருக்கட்டும்.

இரண்டாவது, ஆர்வத்தில் ஆர்மேச்சரை வெளியே உருவக் கூடாது. உடலின் பக்கவாட்டில் இருக்கும் பாதுகாப்புத் திருகையும் எர்த் பிரஷ்ஷையும் முதலில் கழற்றாமல் இழுத்தால், ஸ்லிப் ரிங்கின் (சுருளின் உயர் மின்னழுத்தத்தை வெளியே தரும் சுழல் வளையத்தின்) விளிம்பு அந்தத் திருகில் மோதி உடையும். ஆர்மேச்சர் வெளியே வந்ததும் காந்தமும் ஓரளவு வலுவிழக்கும். வீட்டு மேசையில் செய்ய வேண்டிய சோதனை எதற்கும் ஆர்மேச்சரை எடுக்கத் தேவையில்லை.

கருவிகள் அதிகம் வேண்டாம். பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), சிறு ஸ்பேனர்கள், புதிய பிளக் ஒன்று, செப்புக் கம்பி உள்ளே ஓடும் புதிய ஹைடென்ஷன் வயர் ஒரு முழம், சுத்தமான பருத்தித் துணி, பெட்ரோல், ஒரு மல்டிமீட்டர் ஆகியவை போதும்.

## அறிகுறி 1: பொறியே இல்லை

### நிறுத்தும் பட்டன் வயர்

கைப்பிடியில் உள்ள நிறுத்தும் பட்டனிலிருந்து மேக்னெட்டோவின் மூடிக்கு ஒரு மெல்லிய வயர் வரும். பட்டனை அழுத்தினால் அந்த வயர் மேக்னெட்டோவை எர்த் செய்து இயந்திரத்தை நிறுத்துகிறது. வயரின் உறை எங்காவது சட்டத்தில் உரசித் தேய்ந்திருந்தால் பட்டனை எப்போதும் அழுத்திப் பிடித்திருப்பதற்கு அது சமம். எனவே முதல் வேலை, மூடியிலிருந்து அந்த வயரைக் கழற்றிவிட்டு மறுபடி பொறியைப் பார்ப்பது. பொறி வந்துவிட்டால் மேக்னெட்டோவுக்கு ஒன்றும் இல்லை. வயரை மாற்றினால் போதும். கைப்பிடித் தண்டு திரும்பும் இடமும், பெட்ரோல் டாங்கின் முன் முனைக்கு அடியில் வயர் நசுங்கும் இடமும் முதலில் பார்க்க வேண்டியவை.

### பிளக், வயர், பிடிப்பு

புதிய பிளக்கைப் பொருத்திப் பார்க்க வேண்டும். மேக்னெட்டோ வண்டிக்குப் பிளக் இடைவெளி 0.45 மில்லிமீட்டர் அளவில் இருப்பது நல்லது. கடையிலிருந்து வரும் பிளக்குகள் பெரும்பாலும் இதைவிட அகலமாகத்தான் வருகின்றன. வானொலி இரைச்சலை அடக்கும் கார்பன் உள்ளீடு கொண்ட வயரை இங்கே பயன்படுத்தக் கூடாது, ஏனென்றால் ஸ்லிப் ரிங்கிலிருந்து மின்சாரத்தை வாங்கி வயருக்குத் தரும் பிக்கப்பில் வயரைப் பிடிக்கும் கூர்திருகு கார்பன் நூலைச் சரியாகத் தொடாது. வயரைப் பிக்கப்பிலிருந்து வெளியே எடுத்து முனையைப் பார்த்தால், திருகு குத்திய இடம் பச்சைக் களிம்பேறி இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஓர் அங்குலத்தை வெட்டியெறிந்துவிட்டுப் புதிய முனையைச் செருகினாலே பொறி திரும்பிவிடும்.

### பாயிண்ட்

மூடியைத் திறந்து, பாயிண்ட் (முதன்மைச் சுருளின் மின்சுற்றைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் தொடுமுனைகள்) உண்மையிலேயே திறந்து மூடுகிறதா என்று முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். நீண்ட நாள் நின்ற வண்டியில் பாயிண்ட் முகங்களில் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்திருக்கும். புதிதாகப் பொருத்திய பாயிண்டில் துருக்காப்பு மெழுகு இருக்கும். வழவழப்பான தடித்த தாள் ஒன்றைப் பெட்ரோலில் நனைத்து, முகங்களுக்கு இடையே வைத்து இழுத்து, உலர்ந்த தாளால் மறுபடி இழுத்துவிட்டால் பாதி வண்டிகள் இந்த இடத்திலேயே உயிர் பெறுகின்றன. உப்புத்தாளைக் கொண்டு தேய்க்கக் கூடாது. அதிலிருந்து உதிரும் துகள் முகங்களில் பதிந்து, முன்பிருந்ததைவிட மோசமான தடையாக மாறும். குழி விழுந்திருந்தால் மென்மையான எண்ணெய்க் கல்லால் சமன்படுத்தலாம்.

முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி லூகாஸ் மேக்னெட்டோவுக்கு 0.3 மில்லிமீட்டர் முதல் 0.38 மில்லிமீட்டர் வரை, அதாவது 12 முதல் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை. இடைவெளியைச் சரிசெய்த பிறகு பாயிண்ட் தொகுதியைப் பிடிக்கும் நடுத் திருகு இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது தளர்ந்தால் தொகுதி தன் இருக்கையில் ஆடும். பொறி வந்தும் வராமலும் மனிதனைப் பைத்தியமாக்கும். தொகுதியைக் கழற்றும்போதே அதன் பின்னால் இருக்கும் சிறு கார்பன் பிரஷ்ஷையும் எடுத்துத் துடைத்துப் போட வேண்டும். இந்த எர்த் பிரஷ் தொடாமல் போனால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் குண்டுகளைப் பொரித்துவிடும். ஒரு பிரஷ்ஷைக் கவனிக்காத குற்றத்துக்குப் பேரிங் செலவு வந்து சேர்வது இப்படித்தான்.

### பிக்கப்பும் ஸ்லிப் ரிங்கும்

பிக்கப்பைக் கழற்றி, அதன் கார்பன் பிரஷ் சுருள்வில்லால் தள்ளப்பட்டுத் தாராளமாக வெளியே வருகிறதா என்று விரலால் பார்க்க வேண்டும். பிறகு பருத்தித் துணியைப் பெட்ரோலில் நனைத்து, ஒரு மரப் பென்சிலின் முனையில் சுற்றி, பிக்கப் துளைக்குள் விட்டு ஸ்லிப் ரிங்கின் பள்ளத்தில் அழுத்திக்கொண்டு, இன்னொருவரை இயந்திரத்தை மெதுவாகச் சுழற்றச் சொல்ல வேண்டும். துணியில் கறுப்பு ஒட்டாமல் சுத்தமாக வரும் வரை இதைத் தொடர்ந்து செய்து, கடைசியில் உலர்ந்த துணியால் முடிக்க வேண்டும். கார்பன் தூள் படிந்த ஸ்லிப் ரிங் உயர் மின்னழுத்தத்தை நேரே உடலுக்குள் இறக்கிவிடும். பிக்கப்பின் உட்சுவரிலோ ஸ்லிப் ரிங்கிலோ மரக்கிளை போலக் கிளைத்த மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், அது பொறி எரித்த தடம். துடைத்தால் போகாது, அந்தப் பகுதியை மாற்றத்தான் வேண்டும்.

### மல்டிமீட்டர்

இத்தனைக்கும் பிறகு பொறி இல்லையென்றால் சுருளை அளக்கலாம். முதன்மைச் சுருளின் தடை ஏறத்தாழ அரை ஓம். உயர் மின்னழுத்தத்தைத் தரும் இரண்டாம் சுருளின் தடை சில ஆயிரம் ஓம். ஸ்லிப் ரிங்கின் பித்தளைக்கும் உடலுக்கும் இடையே தடையின் அளவு முடிவிலி என்று காட்டினால் சுருள் உள்ளே அறுந்திருக்கிறது. இந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு, மேக்னெட்டோ சுருள் கட்டுவதையே தொழிலாகக் கொண்டவரிடம் கொடுக்க வேண்டும்.

## அறிகுறி 2: குளிரில் நன்றாக ஓடுகிறது, சூடேறியதும் நின்றுவிடுகிறது

இந்த ஒரு அறிகுறிக்காகத்தான் இந்தக் குறிப்பையே எழுதத் தொடங்கினேன். காலையில் ஒரே உதையில் எழும்பும் வண்டி, இருபது நிமிடம் ஓடியபின் மெல்ல இருமி நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல மறுபடி எழும்பும். ஒரு சுற்றே 60 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மான் தீவின் மலைப்பாதையில் இந்தக் கோளாறு ஒருவனை நடுவழியில் விட்டுவிடும். மேடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவைத்து இரண்டு நிமிடம் முடுக்கிக் காட்டுகிறவருக்கோ இது ஒருபோதும் தெரியவே தெரியாது. ஆகவே வண்டி வாங்கும்போது குளிர்ந்த நிலையில் எழும்பியதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

### பெட்ரோல் டாங்கின் மூடி

நண்பர் ஒருவருடைய 500 சிசி வண்டியின் ஆர்மேச்சரைச் சூட்டுக் கோளாறு என்று நான் தீர்மானித்து, கழற்றி அனுப்பி, மாதங்கள் காத்திருந்து திரும்பப் பொருத்தினோம். வண்டி அதே இருபதாவது நிமிடத்தில் நின்றது. டாங்க் மூடியில் காற்று உள்ளே போகும் நுண்துளையைப் புது வர்ணம் அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்கு எரிபொருள் வராமல் போனதே அத்தனைக்கும் காரணம். அன்றிலிருந்து வண்டி நின்ற இடத்திலேயே மூடியைத் திறக்கச் சொல்கிறேன். காற்று உறிஞ்சும் ஓசை கேட்டாலோ, திறந்தவுடன் வண்டி எழும்பிவிட்டாலோ, மேக்னெட்டோவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

### வால்வு இடைவெளி

சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு, இடைவெளி முழுவதும் அடைபட்டு, வால்வு இருக்கையில் உட்காராமல் நின்றால் அழுத்தம் போய்விடும். நின்ற வண்டியின் கிக்கை மெதுவாக அழுத்தினால் காலுக்குத் தெரியும்: வழக்கமான எதிர்ப்பு இல்லாமல் கிக் தொளதொளவென்று இறங்கினால் இது அழுத்தக் கோளாறு. மான்க்ஸ் நார்ட்டனைப் போலக் கிக் இல்லாத வண்டியில், கியரில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்க்கலாம்.

### நின்ற இடத்திலேயே செய்ய வேண்டிய சோதனை

மேலே சொன்ன இரண்டும் இல்லையென்றால், வண்டி சூடாக இருக்கும்போதே, அதாவது நின்ற ஐந்து நிமிடத்துக்குள், இதைச் செய்ய வேண்டும். குளிர்ந்த பின் செய்தால் ஒன்றும் தெரியாது. புதிய பிளக்கை வயரில் மாட்டி ஹெட்டின் மேல் கிடத்தி, பாயிண்ட் மூடியைத் திறந்து வைத்து, நிழலான இடத்தில் ஒருவர் கிக் அடிக்க இன்னொருவர் பாயிண்டைப் பார்க்க வேண்டும்.

பிளக்கில் நீலநிறப் பொறி உறுதியாக வந்தால், மேக்னெட்டோ நலம். பழைய பிளக்கே சூட்டில் உள்ளே கசிந்திருக்கலாம், அல்லது பெட்ரோல் வராமல் இருக்கலாம்.

பிளக்கில் பொறி இல்லாமலோ மஞ்சளாக மெலிந்தோ இருந்து, பாயிண்டில் மட்டும் பளிச்சென்று நீலச் சுடர் பறந்தால், கன்டென்சர் போய்விட்டது. நல்ல கன்டென்சர் இருக்கும் வண்டியில் பாயிண்டில் தெரியும் பொறி, கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சிறியது.

பிளக்கிலும் பொறி இல்லை, பாயிண்டிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் மூன்று வாய்ப்புகள் உண்டு. நிறுத்தும் பட்டன் வயர் சூட்டில் இளகி எங்காவது தொடுகிறது. அல்லது கன்டென்சர் சூட்டில் முழுவதுமாகக் குறுக்குச்சுற்றாகி முதன்மைச் சுருளை எர்த் செய்கிறது. அல்லது சுருளே விரிந்து உள்ளே அறுபடுகிறது. வயரைக் கழற்றிப் பார்ப்பதால் முதலாவது தீர்ந்துவிடும். மற்ற இரண்டையும் மேசையில்தான் பிரித்தறிய வேண்டும்.

### மேசையில்

மேக்னெட்டோவை வண்டியிலிருந்து இறக்கி, கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்கு, 60 டிகிரிக்கு மிகாமல், முடி உலர்த்தும் கருவியால் மெதுவாகச் சூடாக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் அரக்கு இளகத் தொடங்கும். சூடான நிலையில் இரண்டாம் சுருளின் தடையை அளந்து, குளிர்ந்த பின் மறுபடி அளக்க வேண்டும். சூட்டில் தடை சற்றே கூடுவது செம்பின் இயல்பு; திடீரென்று முடிவிலிக்குத் தாவினால் சுருளில் அறுந்த முனை இருக்கிறது, குளிர்ந்தால் தொடுகிறது, சூட்டில் விலகுகிறது.

சுருள் அளவுகள் இரண்டு நிலையிலும் சீராக இருந்தால் சந்தேகம் கன்டென்சர் மேல் விழுகிறது. இங்கே மல்டிமீட்டரை நம்பக் கூடாது. பழைய லூகாஸ் கன்டென்சர் ஆர்மேச்சருக்குள்ளேயே முதன்மைச் சுருளோடு இணையாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. பிரிக்காமல் தனியாக அளக்க வழியில்லை. பிரித்து அளந்தாலும், ஒன்பது வோல்ட் பேட்டரியால் இயங்கும் மீட்டரிடம் நல்லது போல நடிக்கும் கன்டென்சர், வேலை செய்யும்போது வரும் சில நூறு வோல்ட்டில் கசியும். அதைக் கண்டுபிடிக்க உயர் மின்னழுத்தக் காப்புச் சோதனைக் கருவி வேண்டும்.

எனது அனுபவத்தில், 1960-க்கு முன் செய்யப்பட்டு இதுவரை மாற்றப்படாத காகிதக் கன்டென்சர் இருக்கிறது என்று தெரிந்தாலே அது கெட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். மெழுகு ஊறிய காகிதம் பல பத்தாண்டு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் நின்ற வண்டியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். மாற்றாக வைப்பது 0.15 முதல் 0.2 மைக்ரோஃபாரட் வரை கொள்ளளவுடன், சூட்டையும் துடிப்பு மின்னோட்டத்தையும் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஸ்கூட்டர் கன்டென்சரை வெளியே ஒரு வயரில் கட்டித் தொங்கவிட்டால் சில நாள் ஓடும். ஆனால் ஆர்மேச்சருக்குள் இருக்கும் பழையதைத் துண்டிக்காமல் அப்படிச் செய்வது வீண், ஏனென்றால் கசியும் கன்டென்சர் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

### தொழில் தெரிந்தவரிடம் போக வேண்டிய இடம்

கன்டென்சரை மாற்ற ஆர்மேச்சரைப் பிரிக்க வேண்டும் என்பதால் இந்தக் கட்டம் வீட்டு வேலை அல்ல. இங்கே ஓர் எச்சரிக்கையை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பம்பு செட் மோட்டாரும் மின்விசிறியும் கட்டிக்கொடுக்கும் ரீவைண்டிங் கடைக்காரர்கள் தம் தொழிலில் கெட்டிக்காரர்கள். ஆனால் மேக்னெட்டோவின் இரண்டாம் சுருளில் தலைமுடியைவிட மெல்லிய கம்பி பல ஆயிரம் சுற்று ஓடுகிறது. அடுக்குக்கு அடுக்குக் காப்புத் தாள் இட்டு, வெற்றிடத்தில் காப்புப் பிசினை ஊற்றி நிரப்ப வேண்டும். இது வேறு தொழில். அப்படி ஒரு கடையில் கட்டிய ஆர்மேச்சரை வெட்டிப் பார்த்தபோது அடுக்குகளுக்கு இடையே தாளே இல்லை. கன்டென்சரை மாற்றும்போதே சுருளையும் புதிதாகக் கட்டிவிடுவதும், பேரிங்கை மாற்றுவதும், கடைசியில் காந்தத்தை மீண்டும் ஏற்றுவதும் ஒரே தடவையில் முடியட்டும். திரும்பி வரும்போது சூடான நிலையில் மணிக்கணக்கில் சுழற்றிப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். அதைச் செய்யாதவரிடம் கொடுக்கக் கூடாது.

## அறிகுறி 3: கீழ் வேகத்தில் நன்றாக ஓடி, மேல் வேகத்தில் மிஸ் அடிக்கிறது

முதலில் இது பொறியா பெட்ரோலா என்று பிரிக்க வேண்டும். முழு முடுக்கில் ஓடும்போது, பாதுகாப்பான நீண்ட நேர்பாதையில், கிளட்சைப் பிடித்து அதே நொடியில் இயந்திரத்தை நிறுத்தி, வண்டியை உருட்டி ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்து உலர்ந்திருந்தால் மிகுதி. பெட்ரோலில் நனைந்திருந்தால் எரியாமல் வந்தது, அதாவது பொறி தவறுகிறது. காதுக்கும் வேறுபாடு உண்டு. பொறி தவறுவது வெட்டினாற்போல் சட்டென்று கேட்கும். பெட்ரோல் குறைவது மெல்லத் தொய்ந்து, கார்புரேட்டரில் தும்மலாக வரும். ஏமல் ஜி.பி. கார்புரேட்டரின் தனி மிதவைக் கிண்ணம் அதிர்வில் நுரைத்தாலும் இதே போல ஓடும். கிண்ணத்தைத் தாங்கும் ரப்பர் கல்லாகிவிட்டதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

பொறிதான் என்று தெளிந்தபின்:

பிளக் இடைவெளி அகன்றிருக்கிறதா என்பது முதல் கேள்வி. சிலிண்டரின் அழுத்தம் கூடக் கூடப் பொறி தாண்டுவது கடினமாகிறது, 0.45 மில்லிமீட்டரில் ஓடும் வண்டி 0.7-இல் மேல் வேகத்தில் தடுமாறும்.

அடுத்தது பாயிண்டின் வில். அது வலுவிழந்தால் மேல் வேகத்தில் பாயிண்ட் முழுவதும் மூடுவதற்குள் அடுத்த திறப்பு வந்துவிடும். வில்லில் துருப்புள்ளியோ விரிசலோ தெரிந்தால் பேசாமல் மாற்றிவிடலாம், விலை குறைவு.

பிறகு பேரிங். பாயிண்ட் தொகுதியை விரல்களால் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் அசைத்துப் பார்க்க வேண்டும். உணரத்தக்க ஆட்டம் இருந்தால், கேஜில் நாம் வைத்த 0.3 மில்லிமீட்டர் ஓடும்போது அதுவாக இருப்பதில்லை. இரட்டைச் சிலிண்டர் வண்டியில் ஒரு பக்க இடைவெளி 0.3 ஆகவும் மறுபக்கம் 0.2 ஆகவும் வந்தால் பேரிங் தேய்மானமோ, கேம் வளையம் (பாயிண்டைத் திறக்கும் மேடுகள் கொண்ட வளையம்) தன் இருக்கையில் நேராக உட்காராததோ காரணம். கேம் வளையத்தை எடுத்து, அதன் பின்புறத்தையும் இருக்கையையும் துடைத்துப் போட்டாலே சில நேரம் இரண்டும் சமமாகிவிடும். பேரிங் மாற்றுவது தொழில் தெரிந்தவர் வேலை, ஏனென்றால் அதன் வெளி வளையத்துக்கு அடியில் மின்காப்புத் தாள் இருக்கிறது. ஆட்டத்தையும் மெல்லிய தகடுகள் வைத்து அளந்து சரிசெய்ய வேண்டும்.

இரட்டைச் சிலிண்டரில் ஒரே பக்கம் மட்டும் மிஸ் அடித்தால் இரண்டு பிளக்குகளை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். கோளாறு பிளக்கோடு போனால் பிளக். அதே பக்கத்திலேயே நின்றால் அந்தப் பக்கத்து வயரும் பிக்கப்பும். அவையும் நலம் என்றால் வால்வையும் கார்புரேட்டரையும் பார்க்க வேண்டும்.

## அறிகுறி 4: மழைக்காலத்தில் மட்டும் அடம்பிடிக்கிறது

வெளியே கசியும் வயர், விரிசல் விட்ட பிக்கப், அதன் அடியில் இருக்க வேண்டிய காஸ்கெட் இல்லாமை ஆகியவை வழக்கமான காரணங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டால் பொறி ஒழுகும் இடம் தானாகவே ஒளிரும்.

ஆனால் 1930-களின் வண்டிகளுக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் தனியான ஒரு நோய் உண்டு. வளையக் கேம் கொண்ட மேக்னெட்டோவில் பாயிண்டின் அசையும் கை நார்ப்பொருளால் ஆன ஒரு புஷ்ஷில் சுழல்கிறது. ஈரத்தில் அந்தப் புஷ் ஊதிப் பெருத்து, கை திறந்தபடியே ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டகையில் நின்ற வண்டி அசைய மறுத்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கையைக் கழற்றி, புஷ்ஷின் உட்புறத்தை மிக மிக இலேசாக அகலப்படுத்தி, கை தன் எடையிலேயே சுழலும் அளவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். எண்ணெய் விட்டு இளக்கப் பார்த்தால் அது பாயிண்டுக்குப் பரவிப் புதிய கோளாறைக் கொண்டுவரும்.

## அறிகுறி 5: கிக் திருப்பி அடிக்கிறது, அல்லது வண்டி வலுவிழந்து அளவுக்கு மீறிச் சூடாகிறது

இரண்டும் டைமிங்கின், அதாவது பொறி விழும் நேரத்தின், இரு பக்கங்கள். பொறி முந்தினால் கிக் கணுக்காலைப் பதம் பார்க்கும். பிந்தினால் வெளியேற்றும் குழாய் சிவக்கும்.

கையால் இயக்கும் முன்னேற்ற நெம்புகோல் இருக்கும் வண்டியில், கேபிள் சிக்கியிருக்கிறதா என்பதும், கிக் அடிக்கும்போது நெம்புகோலைப் பின்னுக்கு வைத்தோமா என்பதும் முதல் கேள்விகள். எந்தப் பக்கம் தள்ளினால் பிந்தும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடுகிறது. மூடியைத் திறந்து கேம் நகர்வதைக் கண்ணால் பார்த்துக்கொள்வதே உறுதி. தானியங்கி முன்னேற்றி இருக்கும் வண்டியில் அதன் எடைக்கட்டிகளின் சிறு வில் அறுந்தால் பொறி எப்போதும் முந்தியே நிற்கும்.

இவை சரியென்றால் பல்சக்கரம் நழுவியிருக்கலாம். மேக்னெட்டோவின் தண்டு கூம்பு வடிவிலானது. பெரும்பாலானவற்றில் சாவி கிடையாது. நட்டின் இறுக்கம் மட்டுமே பல்சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. டைமிங்கைச் சரிபார்க்கப் பிளக் துளை வழியாகக் குச்சியோ, பாகை வட்டோ பயன்படுத்தி, பிஸ்டனை அந்த வண்டியின் கையேடு சொல்லும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த எண்ணை வேறு வண்டியிலிருந்து கடன் வாங்கக் கூடாது. ஒரே கோல்ட் ஸ்டாரிலும் ஆண்டுக்கும் கேமுக்கும் ஏற்ப அது மாறுகிறது. நெம்புகோலை முழு முன்னேற்றத்தில் வைத்து, பாயிண்டுக்கு இடையே சிகரெட் தாள் ஒன்றைச் செருகி, மெல்ல இழுத்தபடியே இயந்திரத்தை அது ஓடும் திசையிலேயே திருப்பிக்கொண்டு வந்தால், தாள் விடுபடும் நொடியே பொறி விழும் நொடி. திசை மாற்றித் திருப்பினால் பல்சக்கரங்களின் இடைத்தளர்வு கணக்கில் புகுந்துவிடும். பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்யாமல் டைமிங்கைத் தொடுவது வீண் வேலை, ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும்.

கூம்பை எண்ணெயில்லாமல் துடைத்து உலர்ந்த நிலையில்தான் இறுக்க வேண்டும். மறுபடியும் நழுவினால் கூம்பு தேய்ந்திருக்கிறது. கடைசலுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

## அறிகுறி 6: மேக்னெட்டோ இறுகிவிட்டது

நெடுநாள் நின்ற வண்டியில் இயந்திரத்தை அழுத்திச் சுழற்றுவதற்கு முன் மேக்னெட்டோ தனியாகச் சுழல்கிறதா என்று பார்ப்பது பழக்கமாக வேண்டும். பழைய சுருளில் ஊற்றிய அரக்கு சூட்டில் உருகி வழிந்து, ஆர்மேச்சருக்கும் காந்த முனைகளுக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியில் ஒட்டி உறைந்திருக்கும். பலவந்தமாகத் திருப்பினால் பல்சக்கரம் பல் இழக்கும். இலேசாக வெதுவெதுப்பாக்கினால் சில நேரம் விடுபடும், ஆனால் அரக்கு வெளியேறிய சுருளுக்குக் காப்பு இல்லை என்பதே அதன் பொருள். அதை ஓட்டிப் பார்க்காமல் நேரே சுருள் கட்டுபவரிடம் அனுப்ப வேண்டும்.

## அறிகுறி 7: கையால் சுழற்றினால் பொறி இல்லை, தள்ளி ஓட்டினால் வருகிறது

காந்தம் தளர்ந்திருப்பதன் அறிகுறி இது. தள்ளித் தொடங்கும் பந்தய வண்டியில் இது நெடுநாள் மறைந்தே இருக்கும். உருளைத் தொடக்கியில் வைத்து எழுப்பிப் பழகியவர்களுக்கும் தெரியாது. பிளக்குக்குப் பதிலாக வயர் முனையை ஹெட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் எட்டிப் பிடித்து, காப்புள்ள இடுக்கியால் தாங்கி, கிக் வேகத்தில் சுழற்றும்போது பொறி தாண்ட வேண்டும். பாயிண்டும் கன்டென்சரும் ஸ்லிப் ரிங்கும் நலமாக இருந்தும் தாண்டவில்லையென்றால் காந்தத்தை மீண்டும் ஏற்ற வேண்டும்.

குதிரைலாட வடிவக் காந்தம் கொண்ட மிகப் பழைய மேக்னெட்டோக்களில் இது இன்னும் அதிகம். 1885-இல் டைம்லர் ஓட்டிப் பார்த்த மர வண்டியும், 1894-இல் மியூனிக்கில் செய்யப்பட்ட ஹில்டெபிரான்ட் வுல்ஃப்முல்லரும் சூட்டுக் குழாயால் எரியூட்டின. ராபர்ட் போஷ் 1897-இல் தம் தாழ் மின்னழுத்த மேக்னெட்டோவை டி டியோன் முச்சக்கர வண்டியில் பொருத்தினார். அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் 1902-இல் பிளக்கோடு கூடிய உயர் மின்னழுத்த மேக்னெட்டோவைச் செய்தார். அந்தக் காலத்து எஃகுக் காந்தங்கள் தட்டினாலும், கீழே விழுந்தாலும், ஆர்மேச்சர் இல்லாமல் ஒரு நாள் கிடந்தாலும் வலுவிழக்கின்றன. ஆகவே அவற்றை அனுப்பும்போது காந்த முனைகளுக்குக் குறுக்கே மென் இரும்புத் துண்டு ஒன்றை வைத்துக் கட்டியே அனுப்ப வேண்டும். லாடங்களைக் கழற்றினால் எந்தப் பக்கம் எதைப் பார்த்து இருந்தது என்பதை வர்ணத்தால் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒன்றைத் திருப்பிப் போட்டால் அது மற்றதை எதிர்த்து இரண்டையும் கெடுத்துவிடும்.

அனுப்பும் பெட்டிக்குள் ஒரு தாளில் வண்டியின் பெயரும், மேக்னெட்டோ சுழலும் திசையும், கோளாறு குளிரிலா சூட்டிலா என்பதும், இதுவரை எதையெல்லாம் மாற்றினோம் என்பதும் எழுதி வைக்க வேண்டும். சுழலும் திசை தவறினால், பொறி நன்றாக வந்தும் தவறான இடத்தில் வரும் ஆர்மேச்சர் திரும்பி வந்து சேரும்.